பின்சக்கரத்துச் சிவப்பு

1

"வீட்டுலருந்து நாலு நாள் ஓட்டத்துல நிக்கிறப்ப ஒயில் மாத்துற நேரம் வந்தா என்னண்ணே செய்வீங்க?" என்று இலங்கையில், பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் தம்பி ஒருமுறை கேட்டான். அங்கே என்றால் வழியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். லொறியை ஓரம் கட்டிவிட்டு நாம் ஒரு ப்ளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அவர் அடியில் படுத்து, வேலையை முடித்து, முதுகைத் தட்டிக்கொண்டு எழும்பியிருப்பார்.

இங்கே கனடாவில் நெடுஞ்சாலை ஓரங்களில் ட்ரக்குகளுக்கென்றே பெரிய நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. டீசல், சாப்பாடு, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், கூடவே ஒரு கராஜ். முதலில் கம்பனிக்குப் போன் போட வேண்டும். கம்பனி கராஜோடு பேசி, செலவுக்கு அனுமதி என்று ஓர் இலக்கத்தை அனுப்பும். அந்த இலக்கம் வரும்வரை ஒருவரும் ஸ்பேனரைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

இலக்கம் வந்ததும் பெயர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னால் அப்பாவின் பெயர், பின்னால் நம்முடைய பெயர், அவ்வளவுதான். இந்த நாட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று சொல்லி, அதில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் கராஜ் முதல் வைத்தியசாலை வரை நான் மிஸ்டர் முத்துசாமி. கவுண்டரில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம், ஊவா மலைகளைத் தாண்டி எங்கும் போகாத என் அப்பா, ரொக்கி மலைகளுக்கு நடுவில் எழுந்து நிற்பதுபோல ஒரு கணம் இருக்கும். பிறகு நான் எழுந்து போவேன்.

போன மாதக் கடைசியில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பள்ளத்தாக்கு ஊரில், அப்படியொரு கராஜில் ட்ரக்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் நிரோஷா. வழக்கமான பராமரிப்புத்தான்: ஒயில், ஃபில்டர், கிறீஸ், பிரேக்கை ஒரு பார்வை. இரண்டு மணி நேர வேலை. அன்று அது இரண்டு மணி நேரத்தோடு முடியவில்லை.

2

நிரோஷாவுக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடம் கணக்கியல் படித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "இனிமே யுனிவர்சிட்டி போகல. ட்ரக் லைசன்ஸ் எடுக்கப்போறேன்" என்றாள். என் மனைவி புஷ்பா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

நான் ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவன். முதியோர் இல்லத்தில் புஷ்பாவுக்கு வேலை கிடைத்ததால்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். என் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். இன்னும் ஒரு கடிதம், இன்னும் ஒரு முத்திரை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டு முடிப்பார்கள் என்ற நம்பிக்கை போனதும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் பிள்ளையும் அதையே பிடிப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அன்று கேட்டேன்.

"நீங்க பிடிச்சா வேல, நான் பிடிச்சா குத்தமா?" என்றாள்.

இங்கே பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று வருந்தாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. என் பிள்ளையும் போனாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி வரும். ஆனால் போன பிள்ளை எப்படியோ சுற்றிக்கொண்டு என் பக்கத்து சீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சில மாதங்களாக இருவரும் ஒரே ட்ரக்கை மாறி மாறி ஓட்டினோம். அடுத்த வாரத்திலிருந்து கம்பனி அவளுக்குத் தனி ட்ரக் தருவதாக இருந்தது. அதாவது நாங்கள் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் அது. அவளைத் தடுக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று ஒன்டாரியோவிலிருந்தே நான் தேடிக்கொண்டு வந்தேன். வளைவில் வேகம் கொஞ்சம் கூடினாற்போல இருந்தால் இருமுவேன்.

"இருமல் மருந்து வாங்கித் தரவாப்பா?" என்பாள், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

3

எங்கள் தோட்டத்தில் ஆயுத பூஜை பெக்டரியில்தான் நடக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்து நிறுக்கும் தராசு எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக இருக்கும். கடைசியில் கொழுந்து லொறி. அதை ஓட்டிய என் பெரியப்பா, பொனட்டில் சும்மா ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய நட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒவ்வொன்றாகக் குங்குமம் வைப்பார். பெரகலையிலிருந்து ஹல்துமுல்லைக்குச் செங்குத்தாக வளைந்து இறங்கும் வீதியைப் பார்த்தவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீதியில் ஓடும் லொறியில் சாமி எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எனக்கும் அதே பழக்கம். இந்த வருடமும் பூஜையன்று கம்பனி வளவில் புஷ்பா தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, எண்ணெயில் குழைத்த குங்குமத்தை நட்டு நட்டாக வைத்துக்கொண்டு போனேன். நிரோஷா ட்ரக்குக்குள் உட்கார்ந்து போன் பார்த்தாள். நடுவில் மழை வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, நான் சொல்லும் அந்த நாள் காலை. ட்ரக்கை எடுப்பதற்கு முன் ஓட்டுகிறவர் அதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அன்று காலை ஓட்டம் நிரோஷாவுடையது. டோர்ச் வெளிச்சம் ட்ரக்கைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் ஃப்ளாஸ்க் தேநீரோடு இருந்தேன்.

"அப்பா, கொஞ்சம் எறங்குங்க. சக்கரத்துல செவப்பா வழிஞ்சிருக்கு."

கண்ணாடியை மட்டும் இறக்கினேன். "எங்கருந்து வழியுது?"

"நட்டுலருந்து. ரிம் வரைக்கும் கோடு கோடா."

"அது நான் பூஜைக்கு வச்ச குங்குமம்மா. மழையில கரைஞ்சிருக்கும்."

"குங்குமம் இந்தக் கலரா?"

"மூணு வாரம் மழையிலயும் சேத்துலயும் கெடந்தா நீயுந்தான் இந்தக் கலர்ல இருப்ப. ஏறு, குளிர் உள்ள வருது."

சிரித்தாள். டோர்ச்சை அணைத்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வந்தது நீண்ட இறக்கம். நாற்பது தொன் பாரத்தோடு மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மெல்ல அழுத்தி, அவள் இறக்கியதில் எனக்கு இருமக்கூட இடம் கிடைக்கவில்லை. என் பக்கம் பிரேக் இல்லை என்று தெரிந்தும் என் வலது கால் மட்டும் வழி முழுக்கத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

4

கராஜின் காத்திருக்கும் அறையில் ஒரு பஞ்சாபி டிரைவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் வானிலை. என் போனில் தம்பி அனுப்பிய படம் ஒன்று வந்திருந்தது: கோயில் வாசலில் வரிசையாக அகல் விளக்குகள். மீரியபெத்தயில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடிய நாள் அது. ஒவ்வொரு வருடமும் அவன் படம் அனுப்புவான், ஒன்றும் எழுத மாட்டான்.

நாங்கள் இருந்தது மீரியபெத்தயில் இல்லை. சில மலைகள் தள்ளி இன்னொரு தோட்டத்தில், பாடசாலையை ஒட்டிய வீட்டில் இருந்தோம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்ததில்லை. எங்கள் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. "அது பழசு, நாம வந்தப்பவே இருந்துச்சு" என்று புஷ்பாவுக்குச் சொன்னேன். அப்போது எல்லா வீடுகளிலும் ஆண்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது நிரோஷா பென்சிலை எடுத்துக்கொண்டு போய், வெடிப்பு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். சில நாள் கழித்துப் பார்த்தபோது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

"பழசு வளருமாப்பா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு, தம்பி வீட்டுப் பின்னறைக்குப் போய்விட்டோம். அந்தச் சுவர் இன்னும் விழவில்லையாம். விழாவிட்டால் என்ன, நாங்கள் அன்றிரவு தூங்கினோம்.

படத்தை நிரோஷாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். அப்போது மெக்கானிக் உள்ளே வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், கையில் கிறீஸ் துணி. முன் சக்கரத்து நட்டுகளில் சிவப்பாக ஏதோ பூசியிருக்கிறதே, யாராவது அடையாளம் போட்டதா, துடைக்கலாமா என்று கேட்டார். நிரோஷா எழுந்து அவருக்கு ஆயுத பூஜையை ஆங்கிலத்தில் விளக்கினாள். வருடத்துக்கு ஒருநாள் எங்கள் வீட்டில் கத்திக்கும் கணினிக்கும் அப்பாவின் ட்ரக்குக்கும் ஓய்வு, அம்மாவுக்கு மட்டும் இரட்டை வேலை என்றாள். அவருக்குச் சிரிப்பு. அவர் ஊரில் ஜீப்பைக் கொண்டுபோய்ப் பாதிரியாரிடம் தண்ணீர் தெளிக்க விடுவார்களாம்.

அவர் போனதும் அவள் என்னைச் சீண்ட ஆரம்பித்தாள்.

"இத்தன நட்டு இருக்கே, எல்லாத்துக்கும் உக்காந்து வச்சீங்களாப்பா? முட்டி வலிக்கலையா?"

"எங்க எல்லாத்துக்கும் வைக்க? முன் சக்கரம் ரெண்டும் முடிக்கறதுக்குள்ள மழை பிடிச்சிருச்சு. 'மிச்சத்தையெல்லாம் சாமி சேத்துப் பாத்துக்கும், தட்டுல தண்ணி நிக்கிது, வாங்க'ன்னு உங்கம்மா இழுத்துட்டுப் போயிட்டா."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"முன்னுக்கு மட்டுந்தான் வச்சீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்பா, நான் காலையில பாத்தது பின்சக்கரம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குள் ஓடிவிட்டாள்.

5

நட்டு தளர்ந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். உரசினால் துருத் தூள் வரும். மழை அந்தத் தூளைக் கரைத்துக் கோடாக இழுத்துவிடும். இது எனக்குத் தெரியாதது அல்ல. லைசன்ஸ் பரீட்சையிலேயே கேட்பார்கள். வேறு யாருடைய ட்ரக்கிலாவது அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் நானே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். என் ட்ரக்கில் நான் குங்குமம் வைத்திருந்தேன், அதனால் சிவப்பு என்று கேட்டதும் எனக்குச் சாமிதான் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் குனிந்து ஒரு நட்டைப் பிடித்தார். ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலில் அது சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. அதற்கு முந்திய மாதம் டயர் மாற்றியபோது முறைப்படி இறுக்கி, ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கிய சக்கரம்தான் அது. உள்ளே படிந்திருந்த பழைய துரு உதிர்ந்து இடைவெளி விழுந்திருக்கலாம் என்றார். சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. புதுச் சக்கரம், புது மரையாணிகள், கம்பனியிடமிருந்து இன்னோர் அனுமதி இலக்கம்.

"இன்னும் ஓடியிருக்குமா?" என்று கேட்டேன்.

"ஓடியிருக்கலாம். நான் என் பிள்ளையை அதில் ஏற்ற மாட்டேன்" என்றார். என் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

காலையில் இறங்கிய இறக்கம் ஒவ்வொரு வளைவாக என் கண்ணுக்குள் வந்தது. அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாள், பின்னால் அந்தச் சக்கரம் ஆடிக்கொண்டு வருகிறது. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். வெளியே வந்ததும், ஒன்டாரியோவிலிருந்து தேடிக்கொண்டு வந்த காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாப்பா, தனி ட்ரக் வேணாம். கம்பனிக்கு நானே பேசுறேன்."

"ஏன்?"

"ஏனா? கண்ணால பாத்தியில்ல? நீ தனியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவள் கழற்றிப் போட்ட சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் தனியா இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் பாத்தேன். கூப்பிட்டேன். கலர் சரியில்லன்னும் கேட்டேன். நீங்க குங்குமம்னீங்க, ஏறிட்டேன்."

பாடசாலையில் ஒரு பிள்ளை சரியான விடையோடு கையைத் தூக்கி நிற்கும்போது, வாத்தியார் பலகையில் தவறான விடையை எழுதிவிட்டால், பிள்ளை கையை இறக்கிவிடும். தன் கொப்பியில் இருப்பதை அழித்துவிட்டுப் பலகையில் இருப்பதை எழுதும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிரோஷாவின் கண்ணில் குறை இல்லை. அதன் மேல் என் குரல் உட்கார்ந்திருந்தது. நான் பயப்பட வேண்டியது அவள் தனியாகப் போவதற்கா, நான் கூட இருப்பதற்கா என்று அந்த இடத்தில் எனக்கே குழப்பமாகிவிட்டது.

புதுச் சக்கரம் ஏறி, நட்டுகள் இறுகும் சத்தம் கேட்டது.

"இந்தா, கேளு" என்றேன். "வண்டி விசயத்துல உன் கண்ணுக்கு ஒண்ணு பட்டு, நான் வேற ஒண்ணு சொன்னேன்னு வை. இனிமே நான் சொன்னாலும் கேக்காத."

"என்னது?"

"நான் சொன்னாலும் கேக்காத."

"இருங்க, அம்மாவுக்குப் போன் போடுறேன். அவங்க காதுல விழுற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க."

"போன் போட்டா இந்தச் சக்கரக் கதையையும் சேத்துச் சொல்லணும். சொல்லுவியா?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு அது.

வேலை முடிந்ததும் அவள் மெக்கானிக்கிடம் வெள்ளைப் பெயிண்ட் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கினாள். சக்கரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம் வரைக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்தாள். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். பல டிரைவர்கள் செய்வதுதான். ஆனால் நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து அவள் கோடு போட்டதை நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவை, எங்கள் பின்சுவரில்தான் பார்த்திருக்கிறேன்.

"அப்பா, அடுத்த பூஜைக்குப் பொட்ட பொனட்ல வைங்க" என்றாள் எழும்பிக்கொண்டே. "அங்க சாமி இருக்கட்டும். நட்டு எனக்கு வேணும்."

6

போன செவ்வாய்க்கிழமை அவள் தனியாகப் புறப்பட்டாள். பையைக் கட்டியது புஷ்பா. குங்குமச் சிமிழைக் காலுறைக்குள் சுருட்டி அடியில் வைத்தது நான்.

எனக்கு இந்த வாரம் ஓட்டம் இல்லை. அவள் போன நாலாம் நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அதே இறக்கத்தின் உச்சியிலிருந்து பேசினாள். அங்கே எல்லா ட்ரக்குகளும் நின்று பிரேக் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"அங்கயே நில்லு பாப்பா" என்றேன். "சாயங்காலம் பனி வரும்னு போன்ல போட்டிருக்கான். நாளைக்கு எறங்கிக்கலாம்."

"இங்க இப்பத்தான் காலைப்பா. வெயில் அடிக்கிது, ரோட்டு காஞ்சு கெடக்கு. சுத்திப் பாத்துட்டேன், பிரேக் பாத்துட்டேன். எறங்கப்போறேன்."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாருப்பா." சிரித்தாள். வைத்துவிட்டாள்.

புஷ்பா அடுப்பருகில் இருந்து திரும்பி, "யாரு அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டாள். நான் அவளுக்கு அன்று முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடித்து, என்னைத் திட்டி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். இருவரும் மேசையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்ததை அவள்தான் தன் கையால் முட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

முதலில் ஒரு படம் வந்தது. சக்கரம். வெள்ளைக் கோடுகள் நட்டிலிருந்து ரிம்முக்கு உடையாமல் நேராக ஓடின. படத்தின் ஓரத்தில் பொனட்டின் ஒரு துண்டு தெரிந்தது. அதில் குங்குமம், கொஞ்சம் கோணலாக.

பிறகு போன் வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து, அந்தக் கராஜிலிருந்து. முந்தின நாள் வழியில் அவள் ட்ரக்கில் புது டயர் போட்டிருந்தார்கள். போட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதற்காக நின்றிருந்தாள்.

"வந்து சேந்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லுங்க. அந்தச் சிமிழ யாருப்பா காலுறைக்குள்ள வச்சது?"

"எனக்கென்ன தெரியும்?"

"சரி சரி."

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். மிஸ் கருணாகரன், மிஸ் கருணாகரன் என்று இரண்டு தடவை. பாடசாலையை விட்டு வந்த பிறகு இந்த நாட்டில் யாரும் என்னை அந்தப் பெயரால் சத்தமாகக் கூப்பிட்டதில்லை.

"உங்களத்தான்ப்பா கூப்பிடுறாங்க" என்றாள். "எழும்பிப் போகட்டுமா?"

"போம்மா" என்றேன்.